ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் முறைத் தண்ணீர்

எங்கள் பொதுக் கிணற்றில் ஐந்து பங்கு. ஐந்து குடும்பமும் ஆளுக்கொரு நாளாக மோட்டார் போட்டு வெற்றிலைக்கும் வாழைக்கும் பாய்ச்சும்; அதற்கு முறைத் தண்ணீர் என்று பெயர். கரண்ட் போன நாள் யார் முறையில் சேரும் என்ற தகராறில் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை விட்டு இரண்டு வருடம். அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சித்தப்பா மோட்டாரைப் பார்த்துச் சொல்லுவார். இதற்கிடையில் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. நான் போய்ச் சித்தப்பாவுக்குப் பத்திரிகை வைத்தேன். "அன்னைக்கு எனக்குத் தண்ணி மொறை வந்தாலும் வரும் சாமி, பாக்கலாம்" என்றார். அவர் இல்லாத பந்தலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் நான். எக்செல் தெரிந்தவனுக்குக் குடும்பச் சண்டை எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டேன். இனிமேல் முறை சுற்றி வர வேண்டாம், ஆளுக்கொரு கிழமை நிரந்தரம். கரண்ட் போனால் அது அவரவர் தலையெழுத்து. ஐந்து பேரும் தலையாட்டினார்கள். குறுக்கே கிழமைகள், நெடுக்கே பங்காளிகள். முறை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். கையால் அடித்ததில் திங்களன்று இரண்டு பேருக்கு முறை வந்தது, செவ்வாயன்று கிணறே ஓய்வெடுத்தது. அப்புறம்தான் தேடிப் பிடித்தேன்: =MUNIT(5). ஒரு தட்டு. மூலையிலிருந்து மூலைக்கு ஒன்றுகள் படிக்கட்டாக இறங்கின, மற்றதெல்லாம் பூஜ்யம். பள்ளியில் அலகு அணி என்று மனப்பாடம் செய்தது. எதை அதனால் பெருக்கினாலும் மாறாது. எங்கள் சண்டை மட்டும் மாறிவிடும் என்று நம்பினேன்.

ஒரு நாளுக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு நாள். அந்த அழகில் சொக்கிப்போய், லேமினேஷன் போட்டு மோட்டார் ரூம் சுவரில் மாட்டினேன்.

சனிக்கிழமை காலை அப்பாவும் சித்தப்பாவும் அட்டைக்கு முன்னால் நின்றார்கள். பாராட்டு வாங்க நானும் போனேன். சித்தப்பா வழக்கம்போல மோட்டாரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"திங்கக்கெழமையில இருந்து வெள்ளி வரைக்கும் இருக்குது. இன்னைக்கும் நாளைக்கும் தண்ணி கட்டறது யாருன்னே காணோம்."

அட்டையை மறுபடி பார்த்தேன். ஐந்து பேருக்கு ஐந்து நாள் என்றதும் என் கை தானாகத் திங்கள் முதல் வெள்ளி வரை அடித்திருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கு வாரக் கடைசி லீவு விட்ட முதல் ஆள் நான்தான்.

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார். சித்தப்பாவால் முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும், மோட்டாரை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்ணா, கண்ணாலம் ஞாயித்துக்கெழமைதானுங்களே?"

"ஆமா."

"அன்னைக்கு எனக்கு மொறை இல்லையாமுங்ணா. வந்தர்றேன்."

நான் அவசரமாக அட்டையைக் கழற்றித் திருத்தப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணாலம் முடியற வரைக்கும் அதுல கை வெக்காதே சாமி."