சுவிட்சில் இருந்த கை

மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஃபேக்டரி ஸ்டாஃபாக இருந்தேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் கிளப்புக்கு ஒரு கார் ரேஸ் மேசை வந்தது. சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், சீமையிலிருந்து வரவழைத்தது. வளைந்து ஓடும் பாதையில், கார் பிடித்துக்கொண்டு ஓட வெட்டிய பள்ளக் கோடுகளாக, நாலு காடிகள். காடிக்கு ஒரு கார், உள்ளங்கை நீளம். காடியோரத் தகட்டில் கரண்ட் ஓடும். கையிலிருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும். வளைவில் கூடுதலாக அழுத்திவிட்டால் தெறித்துப்போய்ப் பக்கத்துக் காரையும் தள்ளிவிடும்.

அப்போது ஒருவர் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எல்லாக் கார்களும் அங்கங்கே நிற்கும். விழுந்ததை எடுத்து வைத்துவிட்டுத் தொடரலாம். எங்கள் கிளப்பிலோ சின்னத்துரையின் கார் விழுந்தால் கண்ணிமைக்கும் முன் கரண்ட் நிற்கும். குமாஸ்தாவின் கார் விழுந்தால் சுவிட்சுக்காரருக்கு அப்போதுதான் பீடி பற்றவைக்கத் தோன்றும். பகல் முழுக்கத்தான் கைகட்டி நிற்கிறோம், இந்த மேசையிலுமா என்று எனக்கு வயிறு எரியும்.

கமிட்டியில் எழுந்து கேட்டேவிட்டேன். யார் கார் விழுந்தாலும் நிறுத்த வேண்டும். சின்னத்துரை சிரித்தபடி ஒத்துக்கொண்டு, சுவிட்சுக்கு யாரைப் போடலாம் என்றார். என் தங்கை புருஷனைச் சொன்னேன். ஆபீசில் டெம்பரரி கிளார்க். ஒரு வம்புக்கும் போகாதவன். என் வீட்டு ஆள் எனக்கு அநியாயம் செய்யமாட்டான் என்ற தெம்பு எனக்கு.

கோப்பைக்கான இறுதிப் பந்தயத்தில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். சின்னத்துரையின் கார் விழுந்தது. மாப்பிள்ளை உடனே அணைத்தான். சரிதான், அதுதானே சட்டம். கடைசிச் சுற்றில், முடிவுக்கு முந்தின வளைவில் அவர் கார் வாலை வீசி என் காரை இடித்துத் தள்ளியது. அவருடையது காடியை விட்டு விலகாமல் ஓடியது, என்னுடையது தரையில் கிடந்தது.

"மாப்ள, ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

அவன் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. கண் மட்டும் சின்னத்துரையின் முகத்தில் இருந்தது. நான் மேசையைச் சுற்றி ஓடிக் காரைப் பொறுக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள், என்னோடு வயிறெரிந்த குமாஸ்தாக்களும்தான்.

மாப்பிள்ளை வெளியே வந்து என் தோளைத் தொட்டான். "கோவிச்சுக்கிடாதீங்க மச்சான். எனக்கு வேலை கன்ஃபர்ம் ஆகணும்ல." நான் கையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

கன்ஃபர்ம் ஆனது. தங்கை அதிரசம் சுட்டு, முதலில் எனக்குத்தான் என்று கொண்டுவந்தாள்.

"அன்னைக்கு நீங்க வேணும்னேதான் விட்டுக்குடுத்தீகளாம்ல அண்ணே? அவுகளுக்காக. சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாக."

அவள் கண் கலங்கியிருந்தது. கோப்பை போனதுகூடப் பெரிதில்லை. எனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்லிக்கொள்கிற உரிமையையும் அந்தப் பயல் எடுத்துக்கொண்டுவிட்டான்.

"ஆமாம்மா" என்றேன்.