பிளைவுட் ராக்கெட்டின் கதவு

கடைத்தெருவில் கண்ணாடி வெட்டுகிற அந்த மனிதரை எல்லோரும் ராக்கெட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். வானத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், வெயிலுக்குப் பயந்து குடை பிடிப்பதோடு சரி. பட்டம் கொடுத்தவர் மைத்துனர். அக்காள் புருஷனைக் கேலி செய்வதை முழுநேர உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டவர். ஒரு நாள் லீவு போட்டதில்லை.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. ராக்கெட்டாருக்குக் கல்யாணமான புதிதில் எடுத்த படம். நிலவில் மாட்டிக்கொண்ட ஐந்து பேர், நான்கு பேருக்கு மட்டுமே காற்று. கதை பிரமாதம், காசுதான் இல்லை. ஒரு குளியலறை கட்டுகிற செலவில் பிரபஞ்சத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். ராக்கெட் பிளைவுட். நிலவு, இரண்டு லாரி செங்கல் சூளைச் சாம்பல். காற்று உருளைகள் எல்லாம் தீயணைப்புக் கருவிகள். சிவப்புப் பெயிண்டை மறைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் பல்பு எரியவிட்டால் நட்சத்திரம். அதில் ஒன்று ஃபியூஸ் போக, ஒரு கை வந்து பல்பை மாற்றிவிட்டுப் போவதும் படத்தில் இருக்கிறது.

தலைக்கவசங்களில் ஒன்றிலாவது நிஜக் கண்ணாடி இருக்கட்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். அந்தக் கம்பெனியில் அப்போது எடுபிடியாக இருந்த மைத்துனர், "எங்க மாமாவே கண்ணாடிக்காரர்தான் சார்" என்று கூட்டிக்கொண்டு போனார். புது மாப்பிள்ளை அல்லவா, கைவரிசையைக் காட்ட வேண்டாமா? விளிம்பு முழுக்கப் பசை வைத்து, காற்று புக இம்மி இடமில்லாமல் ஒட்டினார். அந்தப் படத்திலேயே ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான். வினையும் அதுதான். ஐந்தாவது வீரராக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. "நீங்களே மாட்டிக்குங்க சார், ஒரே ஷாட்டுதான்" என்றார் டைரக்டர்.

ஐந்தாமவர் மற்றவர்களுக்காகத் தன் காற்றை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு சின்ன அறைக்குள் போகிறார். கதவு மூடுகிறது. கதவிலிருக்கும் வட்ட ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தி அமைதியாக விடைபெற வேண்டும். இதுதான் காட்சி. கதவு மூடியது. கவசத்தைப் பிடரிக்குப் பின்னால் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். நாலு மூச்சில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, அதற்கு மேல் இழுத்தால் எதுவும் வரவில்லை. புது மாப்பிள்ளை கதவை அடித்தார், உதைத்தார், நகத்தால் பிறாண்டினார். கத்தியது அவர் காதுக்கே திரும்பி வந்தது. வெளியே டைரக்டர், "நிறுத்தாதீங்க, ஓடட்டும், ஓடட்டும்!" என்று ஆனந்தத்தில் குதித்துக்கொண்டிருந்தாராம்.

ஒருவழியாகக் கதவைத் திறந்து கவசத்தைக் கழற்றியதும் எல்லோரும் கைதட்டினார்கள். ராக்கெட்டாருக்காக இந்த உலகம் கைதட்டியது அன்றைக்கு மட்டும்தான். செத்துப் பிழைத்தவர் நியாயமாக நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். இவரோ மூச்சு வந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டார். போட்ட கும்பிடைத் திரும்ப வாங்க முடியுமா? அன்றிலிருந்து அது நடிப்பு என்றாகிவிட்டது.

படம் வந்த வேகத்தில் போய்விட்டது. மைத்துனர் போகவில்லை. ராக்கெட்டார் லிஃப்டில் ஏறமாட்டார், எத்தனை மாடியானாலும் படிதான். குளியலறையில் தாழ் போடமாட்டார். உள்ளே ஆள் இருப்பதை அறிவிக்கப் பாடிக்கொண்டே குளிப்பார். அதைக் கேட்பதற்கு அவர் கதவைத் திறந்து வைத்துக் குளிப்பதே மேல் என்று அக்கம்பக்கத்தில் அபிப்பிராயம். "ராக்கெட்ல போன மனுஷன், லிஃப்டுக்கு நடுங்கறாரு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மைத்துனர் சொல்வார். ராக்கெட்டாரிடம் ஒரே பதில்தான் உண்டு. "படத்தைப் பார்த்திருந்தா தெரியும்டா, என் நடிப்பு என்னன்னு." யாரும் பார்க்க முடியாது என்கிற தைரியம்தான், பிரதியெல்லாம் எப்போதோ மக்கியிருக்கும். வீட்டம்மா மட்டும் விடமாட்டார். "நடிப்பா? இவருக்கா? காபி நல்லாருக்குன்னு ஒரு பொய் சொல்லத் தெரியாது, முழிச்சிடுவாரு."

ஒருநாள் மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, உங்க படம் நெட்ல கெடச்சிருச்சு! இந்த மாதிரி ஓட்டை ராக்கெட் படத்துக்குன்னே ஒரு கூட்டம் அலையுதுப்பா. உங்க சீனைப் பத்தித்தான் எல்லாரும் எழுதறாங்க, என்னா நடிப்புன்னு!"

ராக்கெட்டார் போனை வாங்கித் திரையைக் கவிழ்த்து வைத்தார். அதில் இருப்பது நடிப்பில்லை, உயிர்ப்பயம் என்று மைத்துனர் கண்டுபிடித்துவிட்டால், ஆயுசில் சேர்த்த ஒரே பெருமையும் போச்சு. "நெட் அடிக்கடி போகுதேம்மா" என்று முனகிப் பார்த்தார். நெட் அன்றைக்கென்று பார்த்து ஜோராக வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவி முன்னால் கூடினார்கள். ராக்கெட்டார் வாசல் கதவைத் திறந்து வைத்து, அதன் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். ராக்கெட் கயிற்றில் தொங்கிக்கொண்டு போனதும் மைத்துனர் சோபாவில் புரண்டு சிரித்தார். பல்பு மாற்றும் கையைப் பார்த்து மகளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் மீதிக் காற்றைக் காட்டும் முள் இறங்க இறங்க, சிரிப்பு குறைந்தது. கயிறு தெரிகிறது, சாம்பல் தெரிகிறது, ஆனாலும் அந்த ஐந்து பேருக்காக எல்லோரும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் படங்களின் சாமர்த்தியமே இதுதான். நம்மை ஏமாற்றக் காசில்லாததால், நம்மையே ஏமாந்துகொள்ளச் சொல்லிவிடுகின்றன.

ஐந்தாமவர் அறைக்குள் போனார். கதவு மூடியது. வட்ட ஜன்னலில் கவசக் கண்ணாடி வெளுத்தது, கைகள் அடித்தன, பிறாண்டின, மெதுவாகச் சரிந்தன.

"சூப்பர்ப்பா!" என்று மகள் கைதட்டினாள்.

"மறுபடியும் போடு" என்றார் வீட்டம்மா.

மறுபடி பார்த்தார். பிறகு டிவியை விட்டுக் குளியலறைப் பக்கம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடப் போட்டிராத அந்தத் தாழ்ப்பாள் பளபளத்துக்கொண்டிருந்தது.

"இவரு நடிக்கல."

"என்னது? அந்த டைரக்டரே..." என்று ஆரம்பித்தார் ராக்கெட்டார்.

"சும்மா இருங்க. உங்களுக்கு நடிக்க வராது." இத்தனை காலம் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தைதான். இன்று குரல் உடைந்திருந்தது. "கதவத் தெறங்கன்னு கேக்கறீங்க. நெஜமாவே கேக்கறீங்க. என்கிட்டகூட ஏங்க சொல்லல?"

ராக்கெட்டாருக்குக் கண் கலங்கியது. மைத்துனரின் சிரிப்புக்காகக் காதைத் தயார் செய்துகொண்டார். சிரிப்பு வரவில்லை. மைத்துனர் டிவியில் நின்றுபோயிருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத் தாப்பாளே கெடையாது மாமா" என்றார் மெல்ல. "கேமராவுல படாம கீழ குந்திக்கிட்டு, நான்தான் முதுகு குடுத்து அழுத்திப் புடிச்சிருந்தேன். சொல்ற வரைக்கும் விடாதேன்னாங்க. நீங்க ஒதச்சதெல்லாம் என் முதுகுலதான் விழுந்துச்சு."

"தெறந்து தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் அக்காள்.

"நல்லா நடிக்கறாருன்னு நெனச்சேன்க்கா."

ராக்கெட்டார் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைத்துனரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை என்னைப் பத்தி நல்லபடியா நெனச்சிருக்க. அதுலயே என் உயிர் போகப் பாத்துச்சேடா!"