தோழர் மாதையன் பாதி சொன்ன சொல்

"தோழர் மாதையன் தவறிட்டாரு. நினைவுக் கூட்டத்துல நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று போன் வந்தபோது ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். நல்ல வார்த்தை மட்டும்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அப்படியும் அழைத்திருக்கிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் அவர் சங்கத் தலைவர். நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. கேட் மீட்டிங்கில் அவர் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். "சோசலிசம்னு சொல்றமே, அது எங்கிருந்து வந்துச்சு? லத்தீன்ல சோசியஸ். அப்படின்னா கூட்டாளி. கன்னடத்துல ஜொதெகாரா, தெலுங்குல தோடு. கூட நிக்கறவன், அவ்வளவுதான்!" மூன்று மொழிக்காரர்களும் கை தட்டுவோம். எனக்கு உடம்பு சிலிர்க்கும். அடேயப்பா, என்ன குரல் அந்த மனுஷனுக்கு!

அதை நம்பி ஒருநாள் கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீலச் சட்டை, எங்களுக்குச் சாம்பல் சட்டை, மேசையும் தனித்தனி. என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். "உங்க டேபிள் அந்தாண்ட இருக்குது பாரு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்துவிட்டு எழுந்து போனேன்.

பிறகு வேலைநிறுத்தம். எங்களையும் வெளியே வரச் சொன்னவர் அவர்தான். அத்தனை பேரும் வந்தோம். நாங்கள் வராமல் இருந்திருந்தால் மெஷின் ஓடியிருக்கும். ஒப்பந்தம் போட்டுக் கேட் திறந்த அன்று நீலச் சட்டைகள் உள்ளே போயின. எங்களை செக்யூரிட்டி மறித்தார். "ஒப்பந்தத்துல எங்க பேரெல்லாம் எங்க தோழர்?" என்று மாதையனிடம் கேட்டேன்.

"நீங்க சங்கத்துல மெம்பர் இல்லையேப்பா" என்றார்.

காண்ட்ராக்ட் ஆட்களை உறுப்பினராகச் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்திருந்ததே அவருடைய சங்கம்தான்.

வேலை போன பிறகு அந்தச் சொல்லை நானே தேடிப் படித்தேன். ரோம் யாரை சோசியஸ் என்று அழைத்தது தெரியுமா? தன் படையில் சேர்ந்து சண்டை போட்ட அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை. சாவதற்கு அவர்கள் வேண்டும்; குடியுரிமை மட்டும் கிடையாது. கடைசியில் அதற்காக அவர்கள் ரோமை எதிர்த்தே போருக்கு நின்றார்கள்.

ஆத்திரத்தோடு அவர் வீட்டுக்கே போனேன். நோயில் படுத்திருந்தார். அப்போதும் எனக்கு மனசு இளகவில்லை. "மீதிக் கதை உங்களுக்குத் தெரியாதா தோழர்?" என்றேன்.

"தெரியும்ப்பா. அதையும் சொல்லியிருந்தா நீங்கெல்லாம் வெளிய வந்திருப்பீங்களா?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பதில்தான். போனவரை மன்னித்துவிடு என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்கள் சங்கத்தில் அந்த விதி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.