கருவேல முள்ளாகிப்போன கெளுத்தி முள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு டாக்டரம்மா இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். நடுவில் என் விரலின் படம் வேறு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் அதற்கு மேல் என்ன கிழிக்கப்போகிறேன் என்று சும்மாதான் இருந்தேன். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் என் பெயர் இல்லை, ஊர் இல்லை. 'இருபத்து நான்கு வயது ஆண், மீனவர்' என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் முழுக்க நோயாளிதான். நோயாளி சொன்னார், நோயாளி மறைத்தார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை. மறைத்தது ஏன் என்பதையாவது நோயாளி வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்தவன் போகவில்லை என்றால் அந்த இடம் அன்றைக்குச் சும்மா கிடக்கும். வேறு யாரும் இறங்கக் கூடாது. இறங்கியவன் மாட்டினால் ஊர்க் கூட்டத்தில் தலை குனிந்து நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் அவனுடைய முறையை வெட்டிவிடுவார்கள்.

போன வருஷம் என் கூட்டாளிக்கு முகத்துவாரத்துப் பக்கம் அருமையான இடம் விழுந்தது. விழுந்த நாளில்தான் அவனுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் நிச்சயதார்த்தம். தெருவே வேனில் ஏறியது. நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேதி புடுங்குதுடா. நான் வந்தா வேன பத்து எடத்துல நிறுத்தணும்."

"அய்யே, நீ வராதடா சாமி" என்று கூட்டாளியே கதவைச் சாத்தினான்.

வேன் தெருமுனை திரும்பியதும் பேதி நின்றுவிட்டது. வீச்சு வலையை எடுத்துக்கொண்டு, பிடித்த மீனைப் போடும் ஓலைப் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவனுடைய இடத்தில் இறங்கினேன். மூன்றாவது வீச்சில் வலை கனத்தது. இறாலும் மடவையும் இருக்கும் என்று ஆசையாகக் கை விட்டேன். உள்ளே இருந்த கெளுத்தி, வலது கை ஆள்காட்டி விரலின் மூட்டில் முள்ளை ஏற்றியது. கெளுத்தி குத்தினால் எப்படி இருக்கும் என்று குத்து வாங்கியவனுக்குத்தான் தெரியும். வேறு நாளாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று கத்துவதற்கும் எனக்கு முறை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலையைச் சுருட்டி ஓடினேன். ஓடிய வேகத்தில் பறி அவிழ்ந்து தண்ணீரோடு போனது. வாயில் நீல நைலான் கயிறு கட்டி நானே அழகு பார்த்து வைத்திருந்த பறி.

குத்திய இடம் நாலைந்து நாளில் ஆறிவிட்டது. தப்பித்தோம் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து அதே மூட்டில் ஒரு கட்டி கிளம்பியது. அப்புறம் புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் ஒன்று. வலையில் மிதவை கட்டிய மாதிரி நேர்வரிசை.

டச்சுக்காரன் கல்லறையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பின்னால் தட்டோடு நின்ற ஆயா, என் கூட்டாளியின் சொந்த அத்தை. அந்த அம்மா காதில் ஒரு சேதி விழுந்தால், பொன்னேரி பஸ் கிளம்புவதற்குள் அது ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

"எப்படி ஆச்சு, தம்பி?"

"முள்ளு குத்திச்சு மேடம்."

"மீன் முள்ளா?"

ஆயா எட்டிப் பார்த்தார்.

"சேச்சே. கருவேல முள்ளு. ஆட்டுக்குக் காய் பறிக்கிறப்போ குத்திச்சு."

"உங்கூட்ல ஏதுடா ஆடு?" என்றார் ஆயா.

"பக்கத்து வூட்டு ஆடு அத்தே. வாயில்லா ஜீவன், பாவமா பாத்துது."

டாக்டரம்மா 'கருவேல முள்' என்று எழுதிக்கொண்டார். செடி முள் குத்தி இப்படி வரிசையாகக் கட்டி வந்தால் அது ஒரு வகைப் பூஞ்சையாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பட்டணத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். அங்கே ஒன்றும் வளரவில்லை. என் கையில் மட்டும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

நடுவில் கூட்டாளி வந்து கட்டுப் போட்ட விரலை உட்கார்ந்து பார்த்தான்.

"எந்த மரம்டா அது? காட்டு, போய் வெட்டிட்டு வந்துர்றேன்."

"உடுடா. மரம் இன்னா வேணும்னா குத்திச்சு?"

"இல்லடா, இம்மாம் பெரிய முள்ளு வெச்சிருக்கிற மரத்த நான் இந்த ஊர்ல பாத்ததே இல்ல."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான்தான் சிரித்து வைத்தேன்.

இரண்டு மாதம் போனது. விரல் மடங்குவது நின்றது. வலை நூலை இழுத்தால் பிடிப்பு இல்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து, மூட்டுக்குள் இறங்கினால் அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும், விரல் தங்குமா என்று சொல்ல முடியாது என்றார். ஆயா தன் பங்குக்கு, "இப்பிடியே உட்டா, கல்லறை வாசல்ல கல்லுல செதுக்கி வெச்சிருக்கான் பாரு எலும்புக்கூடு, அதுக்குப் பக்கத்துல உன்னையும் நிறுத்திடலாம்" என்றார். எனக்கோ ஆள்காட்டி விரல் இல்லாமல் எப்படி வலை வீசுவது என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க கை ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் கையை நம்பலாம்னு இருக்கேன்."

"மேடம், ஆயாம்மாவ ஒரு டீ வாங்க அனுப்புங்களேன்."

"எனக்கு டீ வேணாம்."

"எனக்கு வேணும் மேடம்."

புரிந்துகொண்டு அனுப்பினார். பேதி, வேன், வீச்சு வலை, கெளுத்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "கெளுத்தியா? ஏரித் தண்ணியிலயா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். காணாமல் போன பிள்ளை கிடைத்தால்கூட அப்படிச் சந்தோஷப்படுவார்களா தெரியாது.

அப்புறம் விளக்கினார். மீனும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் ஒரு கிருமி உண்டாம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன், ஆனால் உடம்புச் சூடு அதற்கு ஆகாது. அதனால்தான் கை விரலில் தங்கிக்கொள்கிறது. சோதனைச் சாலையில் என் சதையை வழக்கமான சூட்டில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் அது வளராது. ஏரி மீன் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் குளிர்ச்சியாக வைத்திருப்பார்களாம்.

"அப்போ இன்னொரு துண்டு வெட்டணுமா மேடம்?"

"வெட்டணும். இது கருவேல முள்ளுக்கு."

இந்த முறை வளர்ந்தது. மாதக்கணக்கில் மாத்திரை. அதில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் அதை வீட்டில் சொல்லாமல், "மா, எனக்கு ஃபாண்டா வருது" என்று மட்டும் சொன்னேன். அம்மா துடைப்பத்தோடு துரத்தினார். கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. ஒருநாள் காலையில் டீ கிளாஸைப் பிடித்தபோது விரல் தானாக மடங்கியது. அதை யாரிடமும் சொல்லாமல் இன்னொரு டீ வாங்கி இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தேன்.

கடைசியில் டாக்டரம்மா அந்த இரண்டு பக்கத்தைக் கொண்டுவந்தார். மற்ற டாக்டர்கள் படிப்பதற்காம். அனுப்புவதற்கு முன் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பேரப் போடுங்க மேடம். மூஞ்சியும் போடுங்க, விரலவிட நல்லா இருக்கும்."

"பேரும் கிடையாது, மூஞ்சியும் கிடையாது."

வரிவரியாகத் தமிழில் சொன்னார். 'நண்பருக்கு உரிய இடத்தில், அவருடைய நிச்சயதார்த்த நாளில் மீன் பிடித்ததால், நோயாளி உண்மையை மறைத்தார்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"வேணாம்னா இதை எடுத்துடறேன்."

"எடுத்தா இன்னா ஆவும்?"

"உங்கள மாதிரி ஒருத்தர் வேற ஊர்ல வந்து உட்காருவார். அங்க இருக்கிற டாக்டருக்கு, ஆயாவை வெளியில அனுப்பிட்டுக் கேக்கணும்னு தெரியாது."

அந்த விரலாலேயே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, எங்கள் ஊரில் அந்தக் கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். என் கூட்டாளி பொன்னேரிக் காலேஜில் படித்தவன், இங்கிலீஷ் வாசிப்பான். ஊர் சொல்லி அவனுக்குத் தெரிவதைவிட நானே கொண்டுபோவது மேல். அவன் ஊர்க் கூட்டத்தில் சொன்னால் என் முறை போகும். கூட்டத்தில் சொல்லாமல் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டால்?

படகுத்துறையில் வலை உதறிக்கொண்டிருந்தவனிடம் தாளை நீட்டினேன்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுடா."

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். உதடு அசைய மெதுவாகப் படித்தான். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் உதடு நின்றது. நான் தண்ணீரைப் பார்த்தேன், படகைப் பார்த்தேன், என் விரலை மடக்கி நீட்டினேன். அவன் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகினான்.

"நீலக் கயிறு கட்டின உன் பறி அன்னிலேர்ந்து எங்கூட்டுக் கூரையிலதான்டா தொங்குது, வந்து எடுத்துன்னு போ."