வெங்கடம்மாளின் கட்டைச் சீட்டு

வெங்கடம்மாளின் பெயர் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அச்சில் ஏறியிருந்தது. முதல் முறை அவளுடைய கல்யாணப் பத்திரிகையில். இந்த முறை, சித்தாபுதூர் மண்டபத்தில் நடக்கவிருந்த பொழுதுபோக்குக் கண்காட்சியின் அழைப்பிதழில். தபால்தலை சேர்ப்பவர்கள், பழைய நாணயம் சேர்ப்பவர்கள், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் கடைசியில், ‘பிளாஸ்டிக் கட்டைகளில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு – திருமதி வெங்கடம்மாள்’ என்று இருந்தது. அவள் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். மை ஒட்டவில்லை. நிஜம்தான்.

நாற்பத்து நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு இதில் இவ்வளவு பூரிப்பா என்று கேட்பவர்கள், அவள் பட்ட பாட்டை அறியாதவர்கள். வெள்ளகோவிலில் பிறந்து, கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, கழுத்தில் ஏறிய தாலியின் மஞ்சள் மங்குவதற்குள் அதை இழந்து, ஒரு தகரப் பெட்டியோடு கோவைக்குத் தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். தம்பி மோகன்குமார் நல்லவன். பம்புசெட் பட்டறை வைத்திருந்தான். அக்காவுக்குப் பொழுது போகட்டும் என்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்துக் கொடுத்தான். பொழுது போகத்தான் செய்தது. ஆனால் அது அடுத்தவர்களுடைய பொழுது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு ஊரார் அழுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். அவள் ரசீதைக் கிழித்துக் கொடுப்பாள். அவளைத் தேடி ஒரு போன்கூட வந்ததில்லை.

அந்த வறண்ட வாழ்க்கையில்தான் கட்டைகள் வந்து சேர்ந்தன. தம்பி மகனுக்குப் பிறந்தநாளன்று யாரோ கொடுத்த பெட்டி. அன்றைக்கே சைக்கிளும் கிடைத்துவிட்டதால் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெங்கடம்மாள் அதைப் பூத்துக்கு எடுத்துப் போனாள். ஒரு மதியம் சும்மா இரண்டு கட்டைகளை எடுத்து அழுத்தினாள். ஒன்றின் தலையிலிருந்த பொட்டுகள்மேல் இன்னொன்றின் வயிறு ‘டக்’கென்று உட்கார்ந்தது. விட்டுப் போகாமல் ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிற அந்தச் சத்தத்தில் அவள் மனசு என்னவோ ஆகிவிட்டது. அன்று ஒரு டவுன் பஸ் செய்தாள். மறுநாள் அதைப் பிரித்துத் தள்ளுவண்டி செய்தாள். பிறகு நிற்கவே இல்லை.

“உங்கக்கா இந்த வயசுல சொப்பு வெச்சு விளையாடறாங்க, வெளிய சொல்லிபோடாதீங்க” என்று தம்பி பெண்டாட்டி நாச்சியம்மாள் புருஷனிடம் சொன்னது, வெங்கடம்மாளின் காதில் விழ வேண்டும் என்றே சொன்னதுதான். அதன் பிறகு அவள் கட்டைகளைப் பூத்தின் மேசைக்கடியில் ஒளித்துவைத்தாள்.

ஒளித்துவைத்தவள் அவள் ஒருத்தி மட்டும் அல்ல என்பது ஒரு நாள் தெரிந்தது. கிரைண்டர் கடைக்காரர் தம்பிதுரை பம்பாய்க்குப் போன் போட வந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தங்கம் கடத்துகிறவரைப் போலத் தாழ்ந்த குரலில் பேசினார். செவப்பு வேணும், தட்டையானது வேணும், ரெண்டு பொட்டு வெச்சது வேணும் என்றார். வெங்கடம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ரசீதை நீட்டும்போது கூடவே மேசைக்கடியிலிருந்த கட்டை பஸ்ஸையும் எடுத்து வைத்தாள்.

தம்பிதுரை அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “நீங்களுமா அம்மணி?” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் கண் கலங்கிப்போனது.

தம்பிதுரைக்கு இன்னும் இரண்டு பேரைத் தெரிந்திருந்தது. பேங்கில் கிளார்க்காக இருந்த நஞ்சுண்டன், கோட்டைமேட்டில் தையல் மெஷின் பழுது பார்க்கும் ரசாக். நாலு பேரிடமும் கட்டை இருந்தது. யாரிடமும் போதுமான கட்டை இல்லை. பாதிக் கோபுரத்தோடு நின்றுபோகும், கூரை போடக் கட்டை இருக்காது. கொங்கு நாட்டில் கைக்கு எட்டாததைச் சீட்டுப் போட்டுத்தானே எட்டுவார்கள்? தம்பிதுரை கட்டைக்கே ஒரு சீட்டுப் போட்டார். நாலு பேருடைய கட்டைகளையும் ஒன்றாகக் கொட்டுவது. சொம்பில் பெயர் எழுதிப் போட்டுக் குலுக்கி எடுப்பது. பெயர் வந்தவர் தன் தவணை முழுக்க எல்லாக் கட்டைகளையும் வைத்து ஆசைப்பட்டதைக் கட்டலாம். கட்டி முடித்ததும் மற்றவர்கள் குடும்பத்தோடு வந்து பார்த்து, டீ குடித்து, போட்டோ எடுத்து, பிறகு எல்லோர் கையாலும் அதைப் பிரித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிரிக்க மாட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

முதலில் எடுத்த தம்பிதுரை ஆளுயரத்துக்கு ஒரு கிரைண்டரைக் கட்டினார். அது சுற்றவும் செய்தது. நஞ்சுண்டன் தன் பேங்கைக் கட்டி, மேனேஜரை மட்டும் லாக்கர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மூன்றாவது ரசாக். கடைசிப் பெயர் வெங்கடம்மாள். பூத்திலிருந்து வருஷக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்த பஸ் ஸ்டாண்டை எந்த நிறத்தில் எது என்பதுவரை மனசுக்குள் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் கண்காட்சிக்காரர்கள் நஞ்சுண்டனிடம் கேட்க, அவர் இவள் பெயரைச் சொல்ல, தொண்ணூற்றைந்தாம் வருஷ மார்கழிக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்தது.

நாச்சியம்மாள் அதை வெள்ளகோவில் சொந்தக்காரர்கள்வரை அனுப்பினாள். பெருமைக்கா வேடிக்கைக்கா என்பது அவளுக்கே வெளிச்சம்.

ரசாக்கின் தவணை முடிந்தது. கூப்பிடவில்லை. ஒரு வாரம் போனது. கண்காட்சி நெருங்கியது. வெங்கடம்மாளே உக்கடம் பஸ் ஏறி, கோட்டைமேட்டில் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

கூடத்துக் கட்டில்மேல் ஒரு தெரு விரிந்து கிடந்தது. வாசற்படிகள், தண்ணீர்க் குழாய், சாக்கடைமேல் போட்ட பலகை, மூலை திரும்பினால் பள்ளிவாசல் மதில், அதைத் தாண்டி ஒரு சந்து. கட்டிலருகே ரசாக்கின் மனைவி பக்ருன்னிசா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய விரல்கள் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தன. உதடுகள் முணுமுணுத்தன. மூலையில் விரல் தடுமாறி நின்றது. மறுபடி வாசற்படியிலிருந்து ஆரம்பித்தாள்.

ரசாக் வெங்கடம்மாளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். சர்க்கரை வியாதியில் பக்ருன்னிசாவின் இரண்டு கண்ணும் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. பின்சந்தில்தான் அவளுடைய அக்காவின் வீடு. கூட்டிப் போகிறேன் என்றால், அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு போவதற்குப் பதில் வீட்டிலேயே கிடந்துவிடுகிறேன் என்கிறாள். அதனால் தெருவை அளந்து அளந்து கட்டிக் கொடுத்தார். பாதி வழி அவளுக்குப் படிந்துவிட்டது. மூலைதான் இன்னும் பிடிபடவில்லை.

“பிரிக்கோணும்னு தெரியுமுங்க அக்கா. கை வரமாட்டேங்குது” என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

வெங்கடம்மாளுக்கு இரக்கமாக இருந்தது. இரக்கம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். காலமெல்லாம் ஒன்றுமில்லாதவளுக்கு ஒன்று வந்ததே, அதிலும் என் முறையில்தானா இது வர வேண்டும் என்று பாவி மனசு குமுறியது. ஆனாலும் வாய் வேறொன்றைச் சொன்னது.

“கண்காட்சியத் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சுபோட்டாங்க பாய். ஒண்ணும் அவசரமில்லீங்க. நிதானமாப் படிக்கட்டும்.”

திரும்பும் பஸ்ஸில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்துச் சீட்டுக்காரி பல்வலியா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள்.

கண்காட்சிச் செயலாளரிடம் சொல்லிப் பெயரை எடுக்கச் சொல்ல நினைத்தாள். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். வீட்டில் கட்டைகள் வந்து சேராததைக் கவனித்த நாச்சியம்மாள், பெயரைப் போட்டு மேசையையும் போட்ட பிறகு மேலே எதை வைப்பார்கள் என்று கேட்டாள். வெங்கடம்மாள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். வெள்ளகோவில் சனம் சனிக்கிழமை வந்து இறங்கும். வெறும் மேசையைப் பார்க்கும்.

வியாழக்கிழமை மதியம் பூத் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் ரசாக் இறங்கினார். பின்னால், யார் கையையும் பிடிக்காமல் ஆட்டோக் கம்பியைப் பிடித்து பக்ருன்னிசா இறங்கினாள். உள்ளே மூட்டை மூட்டையாகக் கட்டைகள்.

எப்போது பிரிக்கிறீர்கள், சனிக்கிழமை கண்காட்சியாயிற்றே என்று நஞ்சுண்டன் ரசாக் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். பொய் அங்கேயே உடைந்துவிட்டது.

“என்னை வெச்சு ஒரு பொய்யச் சொல்லிபோட்டு வந்துட்டீங்களே அக்கா” என்றாள் பக்ருன்னிசா. “அதக் கேட்டதுமே எந்திரிச்சேன். தனியா எங்கக்கா ஊட்டுக்குப் போயிட்டு வந்துட்டனுங்க. பலகையில ஒருக்காக் கால் தட்டுச்சு, அவ்வளவுதான். இவரு பூனையாட்டம் பின்னாலயே வந்தாரு. செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரியே நடந்தேன்.”

ரசாக் திரும்பி பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். கண்ணைத் துடைப்பது தெரியக் கூடாதாம்.

“கையில இருந்தது காலுக்கு வந்துருச்சுங்க. இனி அது எனக்கு எதுக்கு? நானே பிரிச்சேன்.”

வெங்கடம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில், கூண்டுக்குள் ஈரோட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மூட்டைகளைப் பிரித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. வழக்கமாக நிறம் பார்த்துப் பிரித்து மூட்டை கட்டுவார்கள். பக்ருன்னிசா அளவு பார்த்துப் பிரித்திருந்தாள்; அவள் விரலுக்கு அதுதானே தெரியும்? சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையும் கலந்து கிடந்தன. நிறம் பிரிக்க நேரமில்லை. வெங்கடம்மாள் மனசில் கட்டிய சாம்பல் கூரையும் வெள்ளைத் தூண்களும் போயே போயின. தம்பிதுரை கடையைச் சாத்திவிட்டு வந்தார், நஞ்சுண்டன் லீவு போட்டார். மோகன்குமாரின் கூடத்தில் உட்கார்ந்து கைக்கு வந்த நிறத்தில் கட்டினார்கள். நாச்சியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். பஸ் ஸ்டாண்டு மாரியம்மன் தேராட்டம் இருக்கிறது என்றாள். பிறகு, நாலு பொட்டுக் கட்டை எங்கே என்று நஞ்சுண்டன் தேடியபோது, முந்தானையைச் செருகிக்கொண்டு தானும் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் அந்தத் தேரைப் பார்க்கத்தான் கூட்டம். வெள்ளகோவில் பெரியப்பா பஸ்களின் போர்டைக் குனிந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொரு மேசை முன்னாலும் ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று கண்காட்சிக்காரர்கள் அட்டை வைத்திருந்தார்கள். பக்ருன்னிசா ரசாக்கோடு வந்தாள். யாரோ அந்த அட்டையை உரக்கப் படித்ததைக் கேட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

வெங்கடம்மாள் அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பக்ருன்னிசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கூரையின்மேல் வைத்தாள்.

விரல்கள் தூண்களுக்கு இடையே புகுந்தன, வரிசையாக நின்ற பஸ்களை எண்ணின, வாழைப்பழத் தள்ளுவண்டியில் நின்று சிரித்தன, ரோட்டைத் தாண்டின. அங்கே நின்றுவிட்டன.

“ரோட்டத் தாண்டுனா உங்க பூத்துன்னு இவரு சொல்லுவாருங்க. இங்க ஒண்ணுமே இல்லையே அக்கா?”

வெங்கடம்மாள் குனிந்து பார்த்தாள். ஆமாம், ஒன்றுமே இல்லை. கண்ணில் பட்டதில் ஒன்றைக்கூட விடாமல் வைத்திருந்தாள். தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இடம் மட்டும் அவள் நினைவுக்கே வரவில்லை. இத்தனை வருஷமாக அங்கே ஒருத்தி இருந்தாள் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

நஞ்சுண்டன் மீந்த கட்டைகள் இருந்த பையை நீட்டினார். ஒரு சின்னக் கூண்டைக் கட்டி, ரோட்டோரத்தில் ஒதுக்கமாக வைத்தாள் வெங்கடம்மாள். பக்ருன்னிசாவின் விரல் தேடி வந்து, அதை ஒருமுறை தாண்டிப் போய், திரும்பி வந்து கண்டுபிடித்தது.

“இத்தனூண்டா வெக்காதீங்க அக்கா” என்றாள். “கைக்குத் தெரியோணும்.”

வெள்ளகோவில் சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, வெங்கடம்மாள் அந்தக் கூண்டைப் பிரித்துப்போட்டு, பையில் பெரிய கட்டைகளைத் தேடினாள்.