பூட்டிய அறையில் நானூறு பேட்டரி

அந்த ராணுவக் கிடங்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. இடுப்பில் சாவிக்கொத்தோடு இருபத்திரண்டு வருஷம் நடந்ததில் சாவியக்கா என்றே ஆகிப்போனாள். எந்த அலமாரியின் எந்தத் தட்டில் எந்தத் திருகாணி கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று மட்டும் தெரியாது என்று கணவர் கிண்டலடிப்பார். அவர் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டில் அடுப்பும் அவர் பொறுப்புதான்.

மலை உச்சியில் இருந்த காவல்சாவடி ஒன்றுக்கு ஒயர்லெஸ் பேட்டரி அனுப்புவது அவள் வேலைகளில் ஒன்று. அங்கே ஒயர்லெஸ் வேலை பார்த்த சிப்பாய் வாரம் ஒருமுறை சாமான் எடுக்கக் கீழ்முகாமுக்கு இறங்கும்போது அவளுக்கு போன் செய்வான். முகம் தெரியாது, குரல்தான் பழக்கம். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போவதால் ராத்திரியில் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்களாம். "பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டோம்க்கா" என்று சிரிப்பான்.

அந்த வருஷம் புது பேட்டரி வரவில்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் பேட்டரி குளிர் சோதனையில் தோற்றது. அடுத்து வந்த கம்பெனியுடையதும் தோற்றது. மூன்றாவது டெண்டரின் காகிதங்கள் தலைமையகத்தில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தன. மலையிலோ பழைய பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. இன்னும் வரவில்லை என்று வாராவாரம் சொல்லிச் சொல்லி, போன் மணி அடித்தால் எடுக்கவே அவள் தயங்கினாள்.

இத்தனைக்கும் கிடங்கின் கடைசி அறையில் நானூறு நல்ல பேட்டரி இருந்தது. போர்க் காலத்துக்கென்று ஒதுக்கிவைத்த இருப்பு. கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அவளிடம், மற்றது கிடங்கு அதிகாரியிடம். தலைமையகத்தின் உத்தரவு இல்லாமல் இருவரும் அதைத் திறக்கக்கூடாது.

அவள் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து அதிகாரியை மூன்று கடிதம் எழுத வைத்தாள். புதுக் கொள்முதல் நடந்துகொண்டிருப்பதால் இருப்பைத் தொட அவசியம் எழவில்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது. இருபது மட்டுமாவது எடுத்துக் கொடுங்கள் சார் என்று நேரில் போய்க் கேட்டாள்.

"நாளைக்கே போர் வந்தா எல்லாச் சாவடிக்கும் இதுதாம்மா. இன்னைக்கு இருபது எடுப்பேன். அடுத்த வாரம் இன்னொரு சாவடி கேக்கும். அவங்களுக்கு என்ன சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் பிழையில்லை. அவள் எழுந்து வந்தாள்.

செத்த பேட்டரி ஒன்றைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய் கணவரிடம் காட்டினாள். கடையில் கிடைக்கிற ரகம் இல்லை, அளவே வேறு என்றார் அவர். ஆனாலும் மூன்று நாள் உட்கார்ந்து சில்லறை செல்களைச் சேர்த்துக் கட்டி ஒன்று செய்து கொடுத்தார். கிடங்கில் ஒயர்லெஸில் போட்டபோது அருமையாக வேலை செய்தது. அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோதனைச் சான்று இல்லாத சாமானைச் சாவடிக்கு அனுப்பி, அது தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு பனி கொட்டிப் பாதை மூடியது. போன் நின்றது.

பத்தாம் நாள் சாவடியின் மேல் பனி சரிந்தது. பாதிக் கொட்டகை புதைந்து ஒருவனுக்கு இடுப்பு முறிந்தது. உதவி கேட்க ஒயர்லெஸில் உயிர் இல்லை. சொல்ல ஆள் போயே ஆகவேண்டும் என்று அந்த ஒயர்லெஸ் சிப்பாயே கிளம்பினான். ஒன்றரை நாள் பனியில் இறங்கிக் கீழ்முகாமைச் சேர்ந்தான். ஹெலிகாப்டர் போய் மற்றவர்களை உயிரோடு மீட்டது. இவனுக்குப் பனியில் செத்துப்போன வலதுகால் விரல்களையும் இடது பாதத்தில் பாதியையும் எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவளுடைய பதிவேட்டை ஒரு நாள் முழுக்கப் புரட்டினார்கள். தேதி, கடிதம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி மீதும் குற்றமில்லை. தோற்ற பேட்டரியைத் திருப்பி அனுப்பிய சோதனைச்சாலை மீதும் குற்றமில்லை. உங்கள் பதிவேடு மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று போகும்போது பாராட்டினார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கணவர் தட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதத்தில் அந்த நானூறு பேட்டரியின் ஆயுள் தேதி முடிந்தது. தேதி முடிந்தால் போர் இருப்பில் வைக்கக்கூடாது, பயிற்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதிகாரியும் அவளும் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் காயும் சமவெளியில் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அத்தனையும் லாரியில் போனது.

அடுத்த விடுமுறையில் ராணுவ மருத்துவமனைக்குப் போனாள். கட்டிலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. யாரென்று கேட்டதற்கு, கிடங்கில் சாமான் அனுப்புகிறவள் என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"பாதி பாதத்துக்குன்னு தனியா ஒரு ஷூ இருக்காமே. எழுதிப் போட்டிருக்கோம், வரும்னு டாக்டர் சொன்னாரு. சாமான் அனுப்புற ஆபீஸ்னு சொல்றியே, எப்ப வரும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியாம்மா?"

அந்த விண்ணப்பம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகும், அளவு எடுக்க எத்தனை மாதம், ஒப்பந்தத்துக்கு எத்தனை மாதம் என்று அவளுக்குத் தெரியும்.

"கேக்கறேம்மா" என்றாள்.

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் விழிக்குமுன் கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்தாள். கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தாள்.