காரைக்குடியில் இருபது முட்டைகள்

காலை 6.10. மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடிப் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். தூரம் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முந்தின இரவே பெங்களூரிலிருந்து ரயிலில் கிளம்பியிருந்தேன். அங்கே ஒரு மூளை ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக எனக்கு ஒரே வேலை. மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் மண்டையோட்டில், மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துளை போட வேண்டும். அதில் மெல்லிய கண்ணாடியைப் பதித்துவிட்டால், மூளை வேலை செய்வதை மைக்ராஸ்கோப்பில் மாதக்கணக்கில் பார்க்கலாம். எலும்பின் கனம் ஒரு விசிட்டிங் கார்டு அளவுதான். அதற்கடியில் ஈரமான ஒரு சவ்வு. துளைக்கருவி மயிரிழை அதிகமாக இறங்கினாலும் சவ்வு கிழிந்துவிடும். யாரோ ஒரு மாணவரின் மூன்று மாத உழைப்பு அதோடு போகும்.

இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவியைக் காரைக்குடியில் ஒருவர் செய்திருக்கிறார், போய்ப் பார்த்துச் சரி, சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எங்கள் ஆய்வகத் தலைவர் அனுப்பியிருந்தார். சரியில்லை என்று சொல்லத்தான் மனம் விரும்பியது. அதை மறைப்பதற்கில்லை.

மேலூரில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் குன்றக்குடிக்குப் போகிறவர். முருகனுக்குக் காவடி நேர்ந்திருந்தார். என் பெட்டியில் என்ன என்று கேட்டார். துளை போடும் கருவி என்றேன். பல்லுக்கா என்றார். மூளைக்கு என்றேன். தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். குன்றக்குடியில் இறங்கும்போது, "நல்லபடியா பாத்துச் செய்யுங்க தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

8.25. காரைக்குடி புதிய பேருந்து நிலையம். செக்காலைக்கு ஆட்டோ எழுபது ரூபாய். ஆட்டோக்காரருக்கு முகவரியே தேவைப்படவில்லை. "பல் டாக்டருக சேர் எல்லாம் சரி பண்ணுமே, அந்த ஜுனைதா அக்கா வீடுதானே" என்றார்.

ஜுனைதாவுக்கு நாற்பது வயதிருக்கும். துபாயில் ஒன்பது வருஷம் பல் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்தவர். திரும்பி வந்து இங்கேயும் அதையே செய்கிறார். கணவர் சிக்கந்தர் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சதையைத் தொட்டதும் தானே நின்றுவிடும் ஒரு பல் துளைக்கருவியை ஜுனைதா செய்து, அதை வீடியோவாகப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எங்கள் தலைவர் அவருக்கு எழுதினார். அதன்பின் ஒரு வருஷமாக இருவருக்கும் இடையே படங்களும் அளவுகளும் போய்வந்துகொண்டிருந்தன.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா? இங்குட்டு உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேசைமேல் கருவி இருந்தது. தையல் மெஷின் அளவுதான். மூன்று திசையிலும் நகரும் கை, அதன் நுனியில் பல் மருத்துவரின் துளையூசி, பக்கத்தில் ஒரு கேமரா. ஊசி முதலில் பரப்பைப் பல இடங்களில் மெல்லத் தொட்டு மேடு பள்ளத்தை அறிந்துகொள்கிறது. பிறகு ஒரு சுற்றுக்குக் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. ஊசி வழியே மிகச் சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எலும்பில் அது சரியாகப் பாயாது. எலும்பு தீர்ந்து ஈரச் சவ்வு வந்ததும் சட்டென்று பாயும். அந்தக் கணத்தில் ஊசி நின்றுவிட வேண்டும்.

எங்கள் தொழிலில் பழகுவதற்குக் கோழிமுட்டைதான். மேல்தோடான முட்டையோட்டை வெட்டி எடுக்கலாம், உள்சவ்வு கிழியக்கூடாது. இருபது முட்டையில் ஒன்றுகூடக் கிழியக்கூடாது என்று நிபந்தனை சொன்னேன். ஜுனைதா தலையாட்டினார். சிக்கந்தர் கடையிலிருந்து ஓர் அட்டை முட்டை கொண்டுவந்து வைத்தார்.

10 மணிக்குத் தொடங்கினோம். ஒவ்வொரு முட்டையின் மீதும் ஜுனைதா ஒரு சொட்டு உப்புநீர் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஆறேழு நிமிஷத்தில் வட்டமான ஓட்டுச் சில்லு தனியே வந்தது, அடியில் சவ்வு பால்வெள்ளையாக முழுசாக இருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. வெயில் ஏறியதால் சிக்கந்தர் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டாவது முட்டை கிழிந்து வெள்ளைக்கரு வழிந்தது. பதின்மூன்று தப்பித்தது. பதினான்கும் கிழிந்தது.

ஜுனைதா கருவியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்த மறுகணமே கூச்சமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டில் முட்டைக் குழம்புதான். கை கழுவிவிட்டு வந்த ஜுனைதா, ஒரு முட்டையை நான் கையால் வெட்டிக் காட்ட வேண்டும் என்றார். என் கருவியை எடுத்து, மின்விசிறிக்கடியிலேயே உட்கார்ந்து வெட்டினேன். எட்டு நிமிஷம். சவ்வு கிழியவில்லை. நிமிர்ந்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் வலது கையை அல்ல.

"இடது கையால என்னக்கா செஞ்சீக?"

ஒன்றும் செய்யவில்லையே என்றேன்.

"செஞ்சீக. ஆறு தடவ தண்ணி விட்டீக. சொட்டு சொட்டா. எப்ப விடணும்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

மேசையைப் பார்த்தேன். உப்புநீர் நிரப்பிய சிரிஞ்ச் என் இடது உள்ளங்கையில் இருந்தது. எடுத்ததே நினைவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. ஓடு காய்ந்தால் ஊசியின் சத்தம் கொஞ்சம் கீச்சென்று மாறும், அதைக் கேட்டதும் கை தானாக ஒரு சொட்டு விடும். பதினோரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை.

ஜுனைதா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. காற்றில் உப்புநீர் காய்ந்துவிடுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் மின்சாரம் பாய வழியில்லை. சவ்வு வந்தது ஊசிக்குத் தெரியவில்லை. கருவியின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதற்கு இல்லாதது என் இடது கை.

3 மணிக்கு மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வாங்கினோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஊசி நின்று ஒரு சொட்டு வாங்கிக்கொள்ளும்படி ஜுனைதா கணினியில் நிரலை மாற்றி எழுதினார். எவ்வளவு பெரிய சொட்டு, எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் சரிசெய்தார். ஒரு கட்டத்தில் இருவருமே மேசைக்கடியில் தரையில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இந்தக் கருவி தோற்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு அது என்னிடம் இல்லை.

இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை 7 மணி. புதிதாக இருபது முட்டை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடட்டும் என்று நானே சொன்னேன். பத்து தாண்டியது. பன்னிரண்டு, பதினான்கு தாண்டியது. சிக்கந்தர் கடையைத் திறக்காமல் வாசலிலேயே நின்றார். பத்தொன்பதாவது சில்லைக் கிடுக்கியால் எடுத்தபோது ஜுனைதா கண்ணை மூடிக்கொண்டார். சவ்வு முழுசாக இருந்தது.

கடைசிக்கு மட்டும் அட்டையில் இருந்ததை விட்டுவிட்டு வேறொரு முட்டையை நான் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் வீட்டு நாட்டுக்கோழி எட்டு நாளாக அடைகாக்கும் முட்டை. உள்ளே உயிர் இருக்கிறது, சவ்வுக்கடியில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எங்கள் சுண்டெலிக்கு மிக நெருங்கிய சோதனை இதுதான். கையால் செய்யும்போது நான் மூன்றில் ஒன்றிலாவது ரத்தம் பார்த்துவிடுவேன்.

ஊசி தொட்டது, சுற்றியது, நின்றது, சொட்டு வாங்கியது, மறுபடி சுற்றியது. ஒன்பது நிமிஷம். சில்லு வந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. கேமரா அந்த வட்டத்தைக் கட்டம் கட்டமாகப் படம் எடுத்துத் திரையில் ஒன்றாக இணைத்தது. சிவப்புக் கிளைகள் திரை முழுக்கப் பரவின. ஜுனைதா ஓடும் படத்துக்கு மாற்றினார். கிளைகள் எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தன.

"இருபது" என்றார் சிக்கந்தர்.

ஜுனைதா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். துளையை ஒட்டுநாடாவால் மூடி முட்டையைத் திரும்பக் கோழியிடம் வைத்துவிட்டு வந்த பிறகுதான் காலைச் சாப்பாடு நினைவுக்கு வந்தது.

11.40. பேருந்து நிலையத்துக்கு ஜுனைதாவே தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பெங்களூரில் என் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு, இரட்டைக் கதவு உண்டு, சத்தம் போடாதீர்கள் என்ற பலகை உண்டு. அதற்குள் தனியாக உட்கார்ந்து நாளுக்கு நான்கு எலிக்குத் துளை போட்டுவிட்டு, தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இங்கே மீன்காரர் கூவ, மின்விசிறி ஓட, மூன்று பேராக நின்று ஒன்றைச் செய்து முடித்திருந்தோம்.

கருவியைச் செய்தவர்கள் பட்டியலில் என் பெயரையும் போட வேண்டும் என்று ஜுனைதா சொன்னார். வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "போடு" என்றேன்.

பேருந்து நகர்ந்ததும் தலைவரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். உங்கள் அளவுக்குச் செய்கிறதா என்று கேட்டார். என்னைவிட நன்றாகச் செய்கிறது என்றேன். கொஞ்சம் தயங்கி, அப்படியானால் இனி நீங்கள் என்ன செய்வதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டிருக்கிறேன். கண்ணாடியை ஒட்டி, எலியை மாணவரிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். அந்தத் துளை வழியே உள்ளே நடப்பதை உட்கார்ந்து பார்க்க ஒரு நாள்கூட நேரம் இருந்ததில்லை.

"மைக்ராஸ்கோப்பில் எனக்கு ஓர் இடம் வேண்டும் சார். திங்கட்கிழமையிலிருந்து" என்றேன்.